மனைவிமார் அறை

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த தெருவில் யாரைக் கேட்டாலும் முனிராஜ் குடிகாரன் என்றுதான் சொல்வார்கள். நல்ல மனுஷன், மெஷின் முன்னால் நின்றால் கெட்டிக்காரன், இந்த ஒரு பழக்கம் மட்டும் இல்லாமலிருந்தால் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். முனிராஜுக்கு நாற்பத்தாறு வயது. வாழ்நாளில் அவன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இருமல் மருந்தின் வாடைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். கம்பெனியில் ஆயுத பூஜை முடிந்ததும் கூட்டாளிகள் ஒரு பக்கம் கிளம்பினால், இவன் பொரி கடலைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவான்.

குடித்தது அவன் மனைவி ரேவதி.

ரேவதி பேரிகைக்காரி. தக்காளியும் முட்டைக்கோசும் போடுகிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்றும் பேசி வளர்ந்தவள். மூன்றிலும் சண்டை போடத் தெரிந்தவள் என்று கல்யாணமான புதிதில் முனிராஜ் கேலி செய்வான். மகள் சுவாதி மூன்றாம் வகுப்புக்குப் போனதும், பாகலூர் சாலையில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். காம்பு நீளம் பார்த்துப் பூவைப் பிரிக்கிற மேசையில் முதலில் நின்றாள். கை சுத்தம், கணக்கு சுத்தம் என்று பார்த்து, மூன்றாம் வருஷம் கோல்டு ரூமுக்கு அவளைப் பொறுப்பாளராக்கினார்கள்.

கோல்டு ரூம் என்பது பறித்த பூவை விமானம் ஏறும்வரை விரியவிடாமல் வைத்திருக்கிற குளிர் அறை. பிப்ரவரி மாதம் காதலர் தினத்துக்கு ஆர்டர் குவியும். வெளியே வெயில் காயும், உள்ளே இரண்டு டிகிரி. ஐந்து பெண்களுக்கு இரண்டு ஜெர்க்கின். உள்ளே கால் மணி நேரம், வெளியே ஐந்து நிமிஷம் என்று மாறி மாறிப் போய்வந்தால், சாயங்காலம் விரல் மடங்காது. எலும்புக்குள்ளேயே யாரோ ஊதிக்கொண்டிருப்பது போலிருக்கும். அப்படியொரு நாள், பெட்டி ஏற்றுகிற பெரியவர் ஒருவர் தன் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். அதில் கொஞ்சம் பிராந்தி கலந்திருந்தது.

"மருந்து மாதிரி நெனச்சுக்கினு குடிச்சிடும்மா," என்றார்.

தொண்டையில் இறங்கிய சூடு நெஞ்சுக்கு வந்தது, தோளுக்குப் போனது, பிறகு விரல் நுனி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. பிறந்ததிலிருந்து தான் குளிரில்தான் நின்றுகொண்டிருந்தோமோ, இப்போதுதான் யாரோ கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார்களோ என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவள் குடித்ததெல்லாம் அந்த ஒரு மூடிச் சூட்டைத் திரும்பக் கண்டுபிடிப்பதற்காகத்தான். அது ஒருநாளும் கிடைக்கவில்லை.

ஓசூரில் ஒயின் ஷாப் வரிசையில் ஒரு பெண் போய் நிற்க முடியாது. பஸ் ஏறி அத்திப்பள்ளிக்குப் போனால் நிற்கலாம். ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டியதும் கர்நாடகம், கடைப் பலகைகளில் எழுத்து கன்னடமாக மாறிவிடும். எழுத்து மாறியதும் ரேவதிக்குத் தானும் வேறு யாரோ என்று ஆகிவிடும். தொண்ணூறு மில்லி அட்டை டப்பா, குழந்தைகள் உறிஞ்சுகிற ஜூஸ் டப்பா போலவே இருக்கும். நாலு வாங்கி டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். கிராம்பு மெல்லுவாள். நெற்றியிலும் கழுத்திலும் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு, கோல்டு ரூம் வேலை, சளி விடவே மாட்டேங்குது என்பாள்.

முனிராஜ் முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டான். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நசுங்கிய டப்பாக்கள் கிடந்தன. கேட்டதற்கு, சுவாதி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். பிறகும் கேட்டான், கெஞ்சினான், ஒரு மாதம் பேசாமலிருந்து பார்த்தான். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டான். ஷிப்ட் முடிந்து வந்து அவனே உலை வைத்தான். அவள் கட்டிலில் குறுக்காகக் கிடந்தால் போர்வை போர்த்திவிட்டு, மகளை அடுத்த அறையில் படிக்க வைப்பான்.

சுவாதி பதினொன்றாம் வகுப்பில் படிக்கும்போது அது நடந்தது. மார்க் குறைகிறது, அம்மாவை அழைத்து வா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ரேவதி பண்ணையிலிருந்து நேராகப் போனாள். மகளின் மிஸ்ஸுக்கு எதிரே தைரியமாக உட்காரவேண்டுமே என்று வழியில் ஒரு டப்பாவைக் காலி செய்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ்ஸின் மூக்கு சுருங்கியது. ரேவதி தைலத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் சுவாதி முந்திக்கொண்டாள்.

"அப்பா குடிச்சிட்டு வந்து அம்மா மேல ஊத்திட்டாரு மிஸ். டெய்லி இதேதான் மிஸ்."

மிஸ் எழுந்து வந்து ரேவதியின் தோளைத் தொட்டார். எவ்வளவு தாங்குகிறீர்கள் என்றார். ரேவதி அந்தக் கை தோளில் இருக்கும்வரை தலை நிமிரவில்லை.

அடுத்த வாரம் முனிராஜை வரச்சொன்னார்கள். யூனிபார்மோடு போய் நின்றான். மகளின் எதிர்காலத்தை யோசித்துப் பாருங்கள் என்று மிஸ் அரைமணி நேரம் பேசினார். முழுவதும் கேட்டுவிட்டு, "சரிங்க மிஸ். இனிமே இல்லீங்க," என்றான். வெளியே வராந்தாவில் நின்றிருந்த சுவாதிக்கு அது கேட்டது. அன்றிலிருந்து அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அந்த மிஸ்ஸின் அக்கா வீடு இவர்கள் தெருவிலேயே இருந்தது. ஒரு மாதத்தில் தெருவுக்கும், இரண்டு மாதத்தில் பேரிகைக்கும் செய்தி போய்விட்டது. ரேவதி ஒருநாள் அடுப்படியில் நின்று முனிராஜிடம் கேட்டாள்.

"ஏன் சும்மா இருந்தீங்க? நான் இல்லீங்கன்னு சொல்றதுக்கு என்னா?"

"ஆம்பள குடிக்கறான்னா நாலு நாள் பேசுவாங்க," என்றான் அவன், வெங்காயம் உரித்துக்கொண்டே. "பொம்பளன்னா பாப்பா கல்யாணம் வரைக்கும் பேசுவாங்க. இருந்துட்டுப் போவுது வுடு."

பேரிகையிலேயே இருந்த முனிராஜின் அண்ணன் முனிவேல் ஊரில் பொறுப்பான மனிதர். தம்பி கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இருவரையும் அழைத்துக்கொண்டு, குடியை விடக் கயிறு கட்டுகிற ஒரு அம்மன் கோயிலுக்குப் போனார். பூசாரி முனிராஜின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எத்தன வருசமா குடிக்கற?" என்று கேட்டார்.

முனிராஜ் யோசித்தான். "வர்ற மாசியோட ஆறு வருசம் ஆவுதுங்க," என்றான்.

ரேவதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவன் அவளுடைய வருஷத்தை மாதத்தோடு சொன்னான். இத்தனை காலமும் அவன் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறான். இனிமேல் தொடமாட்டேன் என்று பூசாரி சொல்லச் சொல்ல, தொடாத ஒன்றைத் தொடமாட்டேன் என்று அவன் திரும்பச் சொன்னான். அவள் பக்கத்தில் நின்றாள். தோள்பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில், இரண்டு டப்பா இருந்தது.

மறுநாள் மதியம் பண்ணைக்குப் பின்னால் குழாயடியில் நின்று ஒரு நம்பருக்குப் போன் செய்தாள். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கைவலிக்கு மாத்திரை வாங்கப் போனபோது சுவரில் பார்த்த நம்பர் அது. குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று எழுதியிருந்தது. 'ரேஷன் கடை' என்று பெயர் போட்டு எட்டு மாதமாக வைத்திருந்தாள்.

"சொல்லுங்கம்மா," என்றது ஒரு ஆண் குரல். தெற்கத்திப் பேச்சு.

"இங்க குடிய வுடறதுக்கு..."

"ஆமாம்மா. எம் பேரு சௌந்தரராஜன். நானும் குடிச்சு நிப்பாட்டுனவன்தேன், பதினோரு வருசமாச்சு. வீட்டுக்காரருக்குக் கேக்குறீகளா?"

ரேவதி குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். "ஆமாங்க," என்றாள்.

"அவுக வரமாட்டேன்னு சொன்னாலும் நீங்க வாங்கம்மா. குடும்பத்துல உள்ளவுகளுக்குன்னே தனி ரூமு இருக்கு. ஞாயித்துக்கெழம பதினோரு மணி."

ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளி. ஞாயிறு அன்று அதன் இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவிடுவார்கள். நடுவில் ஒரு வராந்தா. இடது பக்க அறையில் குடித்தவர்கள், வலது பக்க அறையில் குடித்தவர்களின் வீட்டார். வீட்டார் என்றால் எல்லாம் மனைவிமார்தான். சுவரில் பழங்களின் படமும் மிருகங்களின் படமும் ஒட்டியிருந்தன. குழந்தைகள் நாற்காலியில் முழங்காலை மடக்கி எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரேவதி ஒன்பதாவதாகப் போய் உட்கார்ந்தாள்.

அங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்கவேண்டும். கேட்டதை வெளியே கொண்டுபோகக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். மங்கம்மா என்பவள் முதலில் பேசினாள். ஐம்பது வயதிருக்கும், சூளகிரிக்காரி, ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி போடுகிறவள்.

"செருப்பு கழட்டற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிரும்," என்றாள் மங்கம்மா. "ரெண்டும் ஒண்ணா வுழுந்தா அன்னிக்கு நல்லாயிருக்காரு. ஒண்ணு வுழுந்து, கொஞ்சம் நேரம் கழிச்சு இன்னொண்ணு வுழுந்தா, போச்சு. அடுப்பாண்ட நின்னுனு அந்த ரெண்டாவது செருப்புக்காகக் காதக் குடுத்துனு இருப்பேன். இருவத்தாறு வருசம் இப்படியே போயிருச்சு."

ரேவதிக்குத் தன் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. அவள் உள்ளே வரும்போதெல்லாம் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோகும். அது ஏன் நிற்கிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

இன்னொரு பெண், சின்ன வயது, இடுப்பில் குழந்தை, சொன்னாள்: "எனக்கு அவரு மேல கோவமெல்லாம் இல்லைங்க. பழையபடி ஒருநாள், ஒரே நாள், சும்மா உக்காந்து எங்கூட பேசமாட்டாரான்னுதான் இருக்குது."

முனிராஜுக்கும் அப்படி இருக்குமா? அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது.

மூன்று ஞாயிறு போனாள். அவள் முறை வரும்போது, அடுத்த வாரம் சொல்கிறேன் என்பாள். யாரும் வற்புறுத்தவில்லை. நான்காவது ஞாயிறு சொன்னாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே தைரியத்துக்காக ஒரு டப்பாவில் பாதியை முடித்திருந்தாள். எங்க வீட்டுக்காரர் சிலிண்டர் பின்னால் ஒளித்து வைப்பார் என்றாள். அத்திப்பள்ளிக்குப் போய் வாங்கி வருவார், பாப்பா தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தார், பாப்பா இப்போது முகத்தைப் பார்ப்பதில்லை, அது அவரை அறுக்கிறது, அறுப்பதை மறக்க மறுபடியும் குடிக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆளைத் தவிர அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மங்கம்மா எழுந்து வந்து அவளை அணைத்துக்கொண்டாள். அம்மா செத்த பிறகு ஒரு பெண் தன்னை அப்படி அணைத்து ரேவதிக்கு நினைவில்லை. அந்த மார்பில் அப்படியே கிடக்கலாம் போலிருந்தது.

மங்கம்மாவின் கை மெதுவாகத் தளர்ந்தது. அவள் ரேவதியின் முகத்தைத் தள்ளிப்பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்து வராந்தாவில் மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மங்கம்மா அவளைத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள்.

"இருவத்தாறு வருசம் இந்த வாடையோட குடித்தனம் பண்ணவ நானு," என்றாள் தணிந்த குரலில். "எனக்கே கத சொல்றியா?"

ரேவதி தோள்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ன நெனச்சு அழுதேன்டி. உன் புருசன் நாசமாப் போகட்டும்னு மனசுல சொன்னேன். யாருன்னே தெரியாத மனுசன." மங்கம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள், டீ எதுவும் சிந்தாத கையை. "இந்த ரூமுல உக்காராத. இங்க உக்காந்தா அழுவ, அவ்ளோதான். உனக்குச் சேரு அங்க இருக்குது. போ."

அடுத்த ஞாயிறு ரேவதி குடிக்காமல் போனாள். வராந்தாவில் வலது பக்கம் திரும்பாமல் இடது பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு பதிமூன்று ஆண்கள் இருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

சௌந்தரராஜன் எழுந்து, "எதுத்த ரூமும்மா," என்றார்.

"இல்லீங்க. எனக்கு இதுதாங்க."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் இருந்த நாற்காலியின் மேல் கிடந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

மாதவன் என்ற ஆட்டோக்காரர் அப்போது கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் ரேவதி பேசினாள். அவளும் கன்னடத்தில் பேசினாள். கணவனிடம் தெலுங்கிலும் மகளிடம் தமிழிலும் ஆறு வருஷமாகப் பொய் சொல்லியிருந்தாள். கன்னடத்தில் தக்காளி விலைக்குச் சண்டை போட்டதைத் தவிர எதுவும் பேசியதில்லை, அது மட்டும் கறைபடாமல் இருந்தது. என் பெயர் ரேவதி, குடிப்பது என் வீட்டுக்காரர் இல்லை, நான்தான் என்றாள். ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. ஓரத்தில் இருந்த ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் நிமிரவில்லை. எதிர் அறையில் அவருடைய மனைவி இருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.

குடியை நிறுத்துவது ஒருநாள் வேலை இல்லை. முதல் வாரம் உடம்பு உதறியது, ஈ.எஸ்.ஐ. டாக்டர் மாத்திரை கொடுத்தார். பண்ணையில் மேனேஜர் ராஜசேகரிடம் போய், கோல்டு ரூம் வேண்டாம், பூப்பறிக்கிற வேலையே போதும் என்றாள். சம்பளம் குறையும்மா என்றார். குறையட்டுங்க என்றாள். சாயங்காலம் நாலு மணிதான் மோசம். அந்த நேரத்தில் நாக்கின் அடியில் ஒரு வறட்சி வரும், பிளாஸ்டிக் கூரை போட்ட பாலி ஹவுஸின் வெக்கையில் நின்றுகொண்டே குளிரும். சௌந்தரராஜனுக்குப் போன் செய்வாள்.

"நாலு மணி ஆயிருச்சுங்க."

"ஆயிருச்சா. எங்க வீட்டு மோட்டாரு இன்னைக்கும் தண்ணி எடுக்கலம்மா," என்று ஆரம்பிப்பார். மோட்டாரைக் கழற்றியது, வாஷர் தேடிக் கடை கடையாக அலைந்தது, மாட்டிய பிறகும் ஒழுகியது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஐந்து மணிக்கு வேன் வந்துவிடும்.

எழுபத்தொரு நாள் அப்படிப் போனது. பிப்ரவரி வந்தது, ஆள் போதவில்லை. இன்று ஒருநாள் மட்டும் உள்ளே நில்லும்மா என்று ராஜசேகர் கேட்டார். நின்றாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல், எதிர்ப்பக்கம் பஸ் ஏறினாள். செக்போஸ்ட் தாண்டியதும் எழுத்து மாறியது. திரும்பி வந்தபோது முனிராஜ் கதவைத் திறந்தான். அவன் திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டியிருப்பாள். அவன் அவள் தோளிலிருந்து பையை வாங்கி ஆணியில் மாட்டினான், தட்டு வைத்தான், அவள் சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருந்தான். அடுத்த ஞாயிறு அறையில், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிறேன் என்று சொன்னாள். மாதவன் எழுந்து போய் அவளுக்கு டீ வாங்கிவந்தார்.

அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டிய சமயத்தில், பேரிகையில் முனிவேலின் பேத்திக்குக் காது குத்தினார்கள். பந்தியில் முனிராஜின் இலைக்கு முன்னால் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, விட்டுவிட்டாயாமே, ரொம்பச் சந்தோஷம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டான். ரேவதி பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். எல்லோரும் கலைந்த பிறகு முனிவேலையும் அவர் மனைவியையும் உட்கார வைத்து, தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னாள். குடித்தது நான்தான் மாமா, அவர் இல்லை, கயிறு என் கையில் கட்டியிருக்க வேண்டும் என்றாள்.

முனிவேல் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பி, "பாத்தியா?" என்றார். "என் தம்பி பேரக் காப்பாத்த எந்தப் பழிய தன் தலைல போட்டுக்கறா பாரு. இந்த மாதிரி ஒருத்தி வாச்சும் அவன் குடிச்சிருக்கான்."

அவர் மனைவி ரேவதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பி வரும்போது பைக்கில் முனிராஜ் சிரித்தான். வண்டி ஆடுகிற அளவுக்குச் சிரித்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு, பின்னால் உட்கார்ந்திருந்தவளின் நெற்றியில் அவன் முதுகு வழியாக அதிர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது தன்னைத் திட்டியிருக்கவேண்டும் என்று ஏங்கினாள். தன் கோபத்தை உள்ளபடி காட்டியவள் மங்கம்மா ஒருத்திதான். அவளோ அதன்பிறகு வராந்தாவில் பார்த்தால் தலையசைப்பாள், பக்கத்தில் வரமாட்டாள்.

சுவாதி கிருஷ்ணகிரியில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் போன் செய்வாள். "என்னம்மா சமையல்?" என்பாள். ரேவதி சொல்லச் சொல்ல மறுமுனையில் மூச்சுக்கூடக் கேட்காது. கத்தரிக்காய்க் குழம்பு, கீரை மசியல் என்று அவள் சொல்வதை மகள் கேட்கவில்லை, நாக்கு குழறுகிறதா என்று கேட்கிறாள் என்பது ரேவதிக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் தேய்த்துக் கழுவிய பாத்திரம் போல எடுத்து வைப்பாள். "சரி, அப்பாட்ட குடு," என்பாள் சுவாதி.

ஒருநாள் ரேவதி துணிந்து கேட்டாள். "கூட்டத்துக்கு ஒரு வாரம் வர்றியா பாப்பா? குடும்பத்துல இருக்கறவங்க வரலாம்."

"நான் எங்க உக்காரணும்?"

"எதுத்தாப்ல தனி ரூமு."

"அங்க எல்லாம் பேசணுமாம்மா?"

"பேச வேணாம். சும்மா உக்காந்துனு இருக்கலாம்."

"இப்ப வேணாம்மா," என்றாள் சுவாதி. "எப்பன்னு எனக்கே தெரியல. கேட்டுக்கினே இருக்காத."

ரேவதி மறுபடி கேட்கவில்லை. சில மாதம் கழித்து, அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வதற்கு முன், சுவாதியே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "மிஸ்ஸுக்கு மெசேஜ் போட்டேன். அன்னிக்கு அப்பா இல்லன்னு."

ரேவதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அப்பறம் யாருன்னு போட்ட?"

"யாருன்னு போடல. அப்பா இல்லன்னு மட்டும் போட்டேன். படிச்சிட்டாங்க. பதில் வரல."

குடிக்காமல் ஒரு வருஷம் முடிந்த ஞாயிறு, முனிராஜ் காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டான். நானும் வருகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வராந்தாவில் அவள் இடது பக்கம் திரும்பினாள், அவன் வலது பக்கம் திரும்பினான். அந்த அறைக்கு அதுவரை ஒரு ஆண் வந்ததில்லை. வாசலில் தயங்கி நின்றான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மங்கம்மா எழுந்து, இருப்பதிலேயே கொஞ்சம் பெரிய நாற்காலியாகத் தேடி எடுத்து அவனுக்குப் போட்டாள்.

எதிர் அறையில் ரேவதி தன் ஒரு வருஷத்தைப் பற்றிப் பேசினாள், என்ன பேசினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. வராந்தாவைத் தாண்டி முனிராஜின் குரல் வந்துகொண்டிருந்தது. வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன் நிறுத்தாமல் பேசினான். வார்த்தை பிரியவில்லை, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வந்தது. இடையில் ஒருமுறை நின்றது. பிறகு வேறொரு குரலாகத் தொடர்ந்தது, அவள் கேட்டேயிராத குரல். இந்தக் குரல் இத்தனை வருஷம் எங்கே இருந்தது? எழுந்து போய் அந்தக் கதவில் காதை வைத்துவிடலாம் போல அவளுக்கு வெறி வந்தது. ஆறு வருஷத்தில் எந்தச் சாயங்காலத்தை அவன் சொல்கிறான், எதை மறந்தான், எதை மறக்கவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. மங்கம்மா அவனுக்குப் பின்னாலேயே வந்தாள். ரேவதியின் அருகே வந்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், அவள் தோளில் விழுந்திருந்த ஒரு முடியை எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அவன் என்ன பேசினான் என்று ரேவதி கேட்கவில்லை. அங்கே பேசியதை வெளியே கொண்டுவரக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். அதற்குப் பிறகு வாராவாரம் அவனும் வருகிறான். அவள் இன்னும் கேட்கவில்லை.

இந்த நாட்களில் கூட்டம் முடிந்ததும் முனிராஜ் உலை வைக்க முன்னால் போய்விடுவான், பின்னால் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்கிற ரேவதி நேராக வீட்டுக்குப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிருஷ்ணகிரி பஸ்கள் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்காருவாள். சுவாதி வருகிறேன் என்று சொல்லவில்லை. தீபாவளிக்குத்தான் வருவாள், அதுவும் இரண்டு நாளைக்கு. அது தெரிந்துதான் உட்காருகிறாள். பஸ் வரும். பைகளும் குழந்தைகளுமாக ஜனம் இறங்கும். முதுகுப்பையோடு காலேஜ் பெண்கள் இறங்கினால், கடைசிப் பெண் இறங்குகிறவரை பார்ப்பாள்.

போன ஞாயிறு முனிராஜ் கம்பெனியில் ஓவர்டைம் என்று கூட்டத்துக்கு வரவில்லை. ஒரு மணிக்கு வேலை முடிந்து, வீட்டில் அவளைக் காணாமல் தேடிக்கொண்டு வந்தவன், அவள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். எங்கே உட்கார்ந்திருக்கிறாள், எதைப் பார்க்கிறாள் என்று அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு பஸ் வந்து, காலியாகி, ஓட்டுநர் இறங்கி டீ குடிக்கப் போனார்.

"அடுத்தது எத்தன மணிக்கு?" என்று கேட்டான் முனிராஜ்.

"பத்து நிமிசத்துல வரும்," என்றாள்.

"அதையும் பாத்துட்டுப் போலாம்," என்றான் அவன்.